கதவு மாட்ட இரண்டு பேர்

தாழைமுனையில் இஞ்ஞாசி பர்னாந்தின் வீடு நடந்த கதையை நம்பாதவர்கள் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பஸ் இருக்கிறது, இறங்கிக் கேட்டால் சின்னப் பிள்ளைகூட வழி சொல்லும், வீடும் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறது, நின்ற இடத்தில் நிற்கவில்லை என்பது ஒன்றுதான் சங்கதி. நூறு வருஷத்துக்கு மேல் கடற்கரைத் தெருவின் கடைசி வீடாக மரியாதையாக நின்ற வீடு இப்போது ஐம்பத்திரண்டு முழம் கிழக்கே தள்ளி, வள்ளங்களை ஏற்றிவைக்கும் வெறும் மணலில் நிற்கிறது. சுவரில் ஒரு கீறல் கிடையாது. அத்தனை தூரம் வந்ததில் அடுப்பிலிருந்த கஞ்சி ஒருநாளும் சிந்தவில்லை என்று அந்த வீட்டில் கஞ்சி காய்ச்சியவளே சொல்லியிருக்கிறாள்.

வீட்டை விற்கத் தீர்மானித்ததில் தப்பு ஒன்றும் இல்லை. இஞ்ஞாசிக்கு அறுபத்துமூன்று வயது, பெண்டாட்டி கிளாரா கண்மூடி இரண்டு வருஷம், ஒரே மகள் ஜெனோவா தூத்துக்குடியில் புருஷன் வீட்டில் இருக்கிறாள், தினமும் போனில் ஒரே பாட்டு: "அப்பா, அந்தப் பெரிய வீட்ல நீங்களும் சித்தியும் ஆளுக்கொரு மூலையில கெடந்து என்ன செய்யப் போறிய? வித்துட்டு ரெண்டு பேரும் இங்க வந்துருங்க." சித்தி என்றது இஞ்ஞாசியின் தம்பி தொபியாஸின் பெண்டாட்டி சலேத்தை. தொபியாஸ் கடலில் காணாமல் போய்ப் பத்தொன்பது வருஷமாகிறது. அன்றிலிருந்து அவள் பின்கட்டு அறையில் இருக்கிறாள், புருஷனின் அண்ணன் வீட்டில் ஒண்டியிருக்கிறவள் என்று யாரும் சொல்லிவிடாதபடி இரண்டு ஆள் வேலையை ஒரு ஆளாகப் பார்த்துக்கொண்டு. "விக்கலாமா சலேத்?" என்று கேட்டதற்கு, "எங்க கையெழுத்துப் போடணுமோ காட்டுங்க அத்தான், போடுதேன்" என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள்.

தரகர் பால்துரை திருச்செந்தூர்ப் பக்கம், கெட்டிக்காரர். வந்து, வீட்டைச் சுற்றிப் பார்த்து, தேக்குக் கதவைத் தட்டிப் பார்த்து, அதைச் சாத்தும்போது மட்டும் முழங்காலால் ஒரு தாங்கு கொடுத்தால்தான் சாத்துகிறது என்பதையும் கண்டுபிடித்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, இப்பம் வெறும் வீடுன்னா எவன் திரும்பிப் பாக்கான்? வீட்டுக்கு ஒரு கதை இருக்கணும். உங்க தாத்தா காலத்துல இருந்து சொல்லுங்க, நான் அப்படியே போன்ல ஏத்திவிடுதேன்."

இஞ்ஞாசி சொன்னார். தாத்தா கயத்தான் கடல்கல்லும் சுண்ணாம்பும் கருப்பட்டித் தண்ணியும் குழைத்துச் சுவர் எழுப்பியதைச் சொன்னார், உடைந்து கரையொதுங்கிய கப்பலின் தேக்கில் அந்தக் கதவைச் செய்ததைச் சொன்னார், பெரும்புயல் வருஷத்தில் தெருவே வந்து உள்ளே அடைந்து மூன்று நாள் ஒரே அடுப்பில் பொங்கித் தின்றதைச் சொன்னார், அந்த மூன்று நாளில் நடுஅறையில் பிறந்த பிள்ளைக்குப் புயலரசி என்று பேர் வைத்ததைச் சொன்னார், ஜெனோவாவின் கல்யாணத்துக்கு வாசலிலிருந்து கோயில் வரைக்கும் பந்தல் போட்டதைச் சொன்னார். பால்துரை போனில் குத்திக் குத்தி ஏற்றிவிட்டுக் கேட்டார், "எல்லாம் சொல்லியாச்சா? விட்டுப்போனது ஏதும் உண்டா?"

"எல்லாம் சொல்லியாச்சு," என்றார் இஞ்ஞாசி.

மறுநாள் மத்தியானம் மாதா கோயிலில், நாளுக்கு மூன்று தடவை அடிக்கிற திரிகால மணி அடித்தது. கடைசி மணி ஓயவும், வெகுநேரம் குத்தவைத்திருந்த ஆள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஒரு எட்டு வைக்கிற மாதிரி வீடு லேசாக எழும்பி, ஒரு முழம் கடலைப் பார்க்கப் போய், உட்கார்ந்தது. பாத்திர அலமாரியில் ஒரு தம்ளர் கிணுங்கியது, அவ்வளவுதான். சலேத் வெளியே வந்து பார்த்தாள். பின்சுவரை ஒட்டிக் கிடந்த துவைகல் சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. "அத்தான், வீடு நகந்திருக்கு," என்றாள், பால் பொங்கியிருக்கு என்று சொல்கிற குரலில். இஞ்ஞாசி வாசலில் நின்றிருந்தார். ஏன் நகர்ந்தது என்று அவருக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

தாழைமுனையில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போனவன் சொன்ன நேரத்துக்குக் கரை வராவிட்டால் அவன் வீட்டு வாசற்கதவைக் கழற்றிக் கொண்டுபோய் மணலில் மல்லாக்கப் போட்டுவிடுவார்கள். கதவு மணலில் கிடக்கிறவரை ஊரில் ஒரு வள்ளமும் மீனுக்குப் போகாது, அத்தனையும் தேடத்தான் போகும். ஏழு நாள் தேடவேண்டும். திரும்பி வருகிறவன் ஈரக்கையால் கதவைத் தொட்டு, கண்டேன் என்றோ காணல என்றோ சொல்லவேண்டும். ஏழாம் நாள் சாயங்காலம் கதவை எடுத்து மாட்டுவார்கள். கழற்ற ஒரு ஆள் போதும், மாட்ட இரண்டு பேர் வேண்டும்: ஒரு பக்கம் போனவனின் தாயோ பெண்டாட்டியோ, மறுபக்கம் தேடிவிட்டு வந்த ஒருவன். ஏழு நாளுக்கு முன்னால் கதவை எடுக்க ஒரே ஒரு காரணம்தான் உண்டு, அது போனவன் கழுத்தில் கிடந்த உத்தரியம் கரைக்கு வருவது. மாதா படம் தைத்த அந்தத் துணித் துண்டு ஆளில்லாமல் வந்தால் ஆள் இல்லை என்று அர்த்தம். அதற்கு மேலும் தேடினால் மாதா சொன்னதைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும்.

பத்தொன்பது வருஷத்துக்கு முந்தி, ஆவணி மாசத்துக் கச்சான் காற்றில், ஒரு வியாழக்கிழமை விடிய முந்தி தொபியாஸ் தனியாளாகத் தூண்டில் போடப் போனான். மத்தியானத்துக்குள் வந்துவிடுகிறவன் வரவில்லை. இஞ்ஞாசிதான் கதவைக் கழற்றி மணலில் போட்டார். ஊர் முழுக்கத் தேடப் போனது. அவர் போகவில்லை. கதவுக்குக் காவல் ஒரு ஆம்பிளை வேண்டாமா என்று சொல்லிக்கொண்டார். உண்மை அது இல்லை. ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடியிலிருந்து ஜெனோவாவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள், அவளுக்கு ஏற்கனவே இரண்டு இடம் கைக்கு வந்து தட்டிப்போயிருந்தது, கதவு கழன்ற வீட்டுக்கு நல்ல காரியம் பேச எவரும் வரமாட்டார்கள், இன்னொரு நாள் பார்ப்போம் என்பார்கள், அந்த இன்னொரு நாள் வரவே வராது. இதையே மூன்று நாளாக மனசுக்குள் அரைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் ஏதோ எடுக்கத் தம்பியின் அறைக்குள் போனவர் கண்ணில் அது பட்டது. ஆணியில், சட்டைக்குப் பக்கத்தில், நூல் அறுந்த உத்தரியம் தொங்கிக்கொண்டிருந்தது. தொபியாஸ் அது இல்லாமலே கடலுக்குப் போயிருக்கிறான். இஞ்ஞாசி அதை மடியில் செருகிக்கொண்டு, ஒருவரும் இல்லாத பாறைப் பக்கம் போய், உப்புத்தண்ணியில் முக்கி, மணலில் புரட்டி, கையில் ஏந்திக்கொண்டு அழுதுகொண்டே ஊருக்குள் வந்தார். அழுகை மட்டும் நிஜம். ஊர் முழங்காலில் விழுந்தது. தேடப் போனவர்களைச் சைகை காட்டித் திருப்பினார்கள். சலேத்தைப் பெண்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் உத்தரியத்தைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அன்று சாயங்காலமே இஞ்ஞாசி கதவைத் தன்னந்தனியாகத் தோளில் தூக்கி வந்து தன்னந்தனியாக மாட்டினார். அதனால்தான் அது கோணலாக உட்கார்ந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் துக்கம் விசாரிக்க வந்தவர்களாகவே வந்து, அப்படியே பெண்ணையும் பார்த்துவிட்டுப் போனார்கள். தை மாசம் கல்யாணம்.

நாலு நாள் மிச்சம் இருந்தது. அந்த நாலு நாளில் எதுவும் நடந்திருக்கலாம். ஆறாம் நாள் பலகையோடு மிதந்துகொண்டிருந்தவனைக் கண்டெடுத்த கதை தாழைமுனையிலேயே உண்டு, அவன் பெயர் கலிஸ்டஸ், இப்போது எழுபது தாண்டி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருக்கிறான். பத்தொன்பது வருஷமாக இஞ்ஞாசி அந்த டீக்கடையில் கால் வைத்ததில்லை. யாராவது கேட்டால் சர்க்கரை வியாதி என்பார்.

இப்படிப்பட்டவரின் வீடு கடலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தால் அவர் என்ன செய்வார்? வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார்.

ஊர் அப்படி இருக்குமா? முதல் நாள் பத்துப் பேர் பார்த்தார்கள், இரண்டாம் நாள் ஊரே பார்த்தது, மூன்றாம் நாள் பக்கத்து ஊரிலிருந்து ஆட்டோ பிடித்து வந்தார்கள், பத்தாம் நாள் எல்லாருக்கும் அது பழகிவிட்டது. மத்தியான மணி அடித்தால் எதிர்வீட்டுப் பெண்கள் உலையை இறக்கி வைத்துவிட்டு வந்து, வீடு ஒரு முழம் போவதைப் பார்த்துவிட்டு, "சரி, இன்னைக்கு நகந்தாச்சு, வாங்க சோத்தை வடிப்போம்," என்று திரும்பிப் போனார்கள். டீக்கடைச் சுவரில் தினமும் ஒரு சுண்ணாம்புக் கோடு இழுத்தார்கள். மின்சார வாரியத்து லைன்மேன் வாரத்துக்கு ஒருதரம் வந்து, இப்படி ஒரு வீட்டை என் சர்வீஸில் பார்த்ததில்லை என்று முனகிக்கொண்டே வயரை நீட்டிக் கட்டிவிட்டுப் போனான். வீடு விட்டுப்போன இடத்தில் புயலரசி கருவாடு காயப்போட்டாள், நான் பிறந்த இடம், எனக்கு இல்லாத பாத்தியதையா என்று கேட்டு. கிணறு மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டதால் சலேத் தண்ணீர் எடுக்க ஒவ்வொரு நாளும் ஒரு முழம் கூடுதலாக நடந்தாள்.

ஏன் நகர்கிறது என்பதற்கு ஆளுக்கொரு பேச்சு. நூறு வருஷமாக நின்றதில் கால் மரத்துப்போயிருக்கும் என்றார்கள். விற்பனைக்குப் போட்டதில் கோபம் என்றார்கள். கொஞ்சநாள் கழித்து எல்லாப் பேச்சும் ஒரே பேச்சாகத் திரண்டு, தொபியாஸ் கூப்பிடுகிறான் என்று முடிந்தது. கிணற்றடியில் பெண்கள் சலேத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன் வீட்டுக்காரன் நெனைப்பு எப்பேர்ப்பட்ட நெனைப்பு பாத்தியா மக்களே," என்றார்கள். அவள் வாளியை இறக்கிவிட்டு, "ஆமாக்கா," என்றாள். அதைக் கேட்ட நாளில் இஞ்ஞாசிக்குச் சோறு இறங்கவில்லை.

பால்துரைக்குத்தான் கொண்டாட்டம். "கடலுக்குப் பக்கத்துல வீடு கேக்கவனுக்கு, கடலுக்குப் போய்க்கிட்டே இருக்க வீடு கெடைச்சா கசக்குமா?" என்று திருநெல்வேலியிலிருந்து ஒரு ஆளைக் கூட்டி வந்தார். அந்த ஆளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து அளந்து நாலு எல்லையும் எழுதி முடிக்கவும் மணி அடித்தது, வீடு எழும்பிப் போய் உட்கார்ந்தது, எழுதியது நாலும் பொய்யாகிவிட்டது. பத்திர ஆபீசில் பதிவாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார், "அசையாச் சொத்துன்னு எப்படிவே நான் கையெழுத்துப் போட? மாட்டுச் சந்தையில கொண்டு போய் வித்துப் பாரும்." திருநெல்வேலிக்காரர், நின்ற பிறகு சொல்லுங்கள், வருகிறேன் என்று போய்விட்டார்.

இஞ்ஞாசி விற்பனைப் போர்டைக் கழற்றிப் பார்த்தார். வீடு நகர்ந்தது. நங்கூரக் கயிற்றை நாலு மூலையும் சுற்றிக் கட்டிப் பின்னால் நின்ற பனைகளில் முடிந்தார். மணி அடித்தபின் பார்த்தால் முடிச்சு அவிழவும் இல்லை, கயிறு அறவும் இல்லை, வீடு மட்டும் கயிற்றைவிட்டு வெளியே வந்து நின்றது. பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார், அதற்கும் நிற்காததால் ஒருநாள் மணியை அடிக்கவேண்டாம் என்று கோயில்பிள்ளையிடம் சொல்லிவைத்தார். வீடு ஐந்து நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தானாகவே நகர்ந்தது. மந்திரித்ததில் பலன் இல்லாவிட்டாலும் சாமியார் போகும்போது ஒன்று கேட்டார்: "இஞ்ஞாசி, வீட்டுக்குள்ள ஏதாவது பாரம் இருக்கா?" இஞ்ஞாசி, "பழைய பீரோ ரெண்டு இருக்கு சாமி," என்றார். சொல்லிவிட்டு அன்று முழுக்கத் தன்னையே காறித் துப்பிக்கொண்டார்.

ஐம்பத்திரண்டாம் நாள் வீடு உட்கார்ந்தபோது அலை ஏறும் எல்லைக்குப் பதினெட்டு முழம் மிச்சம் இருந்தது. மறுநாள் காலையில் வாசல்படியில் உப்பு பூத்திருந்தது. ஜெனோவா போனில் அழுதாள். இஞ்ஞாசி பின்கட்டுக்குப் போனார். சலேத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள், ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் ஒரு மூட்டை கட்டி வைத்திருந்தது. முடிச்சுக்குள்ளே இருந்து தொபியாஸின் நீலச்சட்டைக் கை நீட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய சேலை ஒன்றுகூட அதில் இல்லை.

"சலேத், நாளைக்கே தூத்துக்குடிக்குப் போயிருவோம். வீடு போறபடி போவட்டும்."

"நீங்க போங்க அத்தான்," என்றாள் அவள். "நான் வீட்டோட போறேன்."

"எங்க?"

"அது எங்க போவுதோ அங்க. இன்னும் பதினெட்டு நாளுதான. அவியளுக்கு மாத்துச்சட்டை எடுத்து வச்சிருக்கேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்தார். சலேத் விளையாட்டுக்குப் பேசி அவர் கேட்டதில்லை. ஏற்கனவே தம்பியைக் கொடுத்தாயிற்று, இப்போது இவளையும் கொடுத்துவிட்டு மகள் வீட்டில் போய் உட்கார்ந்து மீன்குழம்பு ஊற்றித் தின்னப் போகிறோமா என்று நினைத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"சலேத்... அந்த உத்தரியம்..."

"தெரியும்," என்றாள். அவள் கையில் இருந்தது அதுதான். அதன் அறுந்த நூலைத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆணியில மாட்டினதே நாந்தான் அத்தான். புதன்கிழமை பொழுதுபட நூல் அறுந்துபோச்சு. காலையில போறதுக்கு முந்தித் தச்சுத் தாரேன்னேன். ரெண்டு நிமிசம் பிடிக்காத வேலை. அசந்து தூங்கிட்டேன். அவிய என்னைய எழுப்பாமப் போயிட்டாவ. கழுத்துல மாதா இல்லாமப் புருசனக் கடலுக்கு அனுப்புனவ நான். சனிக்கிழமை நீங்க அதை ஈரமாக் கொண்டு வந்தப்பவே எனக்குத் தெரியும். இது பொய்யின்னு நான் கத்தணும்னா, அது ஆணியில கெடந்ததுன்னு சொல்லணும். சொன்னா ஊரு மொதல்ல என்னையத்தான் கேக்கும், ஏன் மூதேவி நீ தைக்கலன்னு. பயந்துபோய் வாயப் பொத்திக்கிட்டேன். நீங்க அவியளோட நாலு நாளைத் திருடினிய. நான் பாத்துக்கிட்டே நின்னேன்."

இஞ்ஞாசி அவள் கையிலிருந்த உத்தரியத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க என்னைக்காவது சொல்லுவியன்னு இருந்தேன்," என்றாள். "நீங்க சொல்லிட்டா நானும் சொல்லிருவேன்னு இருந்தேன். பத்தொம்பது வருசம் அத்தான். அம்மா தாயே, அது எத்தனை நாளு!"

அவள் பல்லால் நூலைக் கடித்துத் துண்டித்தாள்.

அன்று பதினோரு மணிக்கு இஞ்ஞாசி சுத்தியலை எடுத்து வாசற்கதவின் கீலை அடிக்க ஆரம்பித்தார். துருப்பிடித்த கீல், லேசில் அசையவில்லை, சத்தம் கேட்டு ஒவ்வொரு ஆளாகக் கூடினார்கள். கதவு கழன்றதும் அவர் ஒருவரையும் பார்க்காமல் அதை மணலில் இழுத்துக்கொண்டு போய், அலைக்கு இந்தப்பக்கம் மல்லாக்கப் போட்டார். பெண்கள் வாயில் கையை வைத்தார்கள். யார் வீட்டில் யார் வரவில்லை என்று ஒருத்தரை ஒருத்தர் எண்ணிப் பார்த்துக்கொண்டார்கள். இஞ்ஞாசி கதவின் தலைமாட்டில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். ஆணி, சட்டை, பாறைப் பக்கம், உப்புத்தண்ணி, ஞாயிற்றுக்கிழமை வந்த விருந்தாளிகள், ஒன்றையும் விடவில்லை, தனக்குச் சாதகமாக ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. அவர் முடிக்கவும் சலேத் பக்கத்தில் வந்து நின்று, நூல் அறுந்ததையும் தான் தூங்கிப்போனதையும் சொன்னாள்.

ஒருவரும் கை நீட்டி அடிக்கவில்லை. அடித்திருக்கலாம், அவருக்கு லேசாக இருந்திருக்கும். கலிஸ்டஸ் டீக்கடையிலிருந்து கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். இஞ்ஞாசியின் முகத்துக்கு நேராக நின்று சொன்னான்:

"ஆறாம் நாளு என்னையக் கண்டெடுத்தாவ. அஞ்சாம் நாளு நான் என்ன நெனைச்சுக்கிட்டுக் கெடந்தேன் தெரியுமா? எங்க வீட்டுக் கதவு இன்னும் மணல்லதான் கெடக்கும், எடுத்திருக்க மாட்டாவன்னு நெனைச்சுக்கிட்டுக் கெடந்தேன். அந்த ஒரு நெனைப்புலதான் பலகைய விடாமப் புடிச்சிருந்தேன். ஒன் தம்பியும் அதைத்தானல நெனைச்சிருப்பான்?"

காறி மணலில் துப்பினான். அப்போது மத்தியான மணி அடித்தது. ஊர் முழுக்க வீட்டைத் திரும்பிப் பார்த்தது. கதவில்லாத வாசலோடு வீடு அப்படியே நின்றது. கூட்டத்துக்குள் நின்ற பால்துரை, பாவம், தொழில் பழக்கம் விடாமல் போனை எடுத்து, "அண்ணாச்சி, இதையும் ஏத்திரட்டா?" என்று மெதுவாகக் கேட்டார். "ஏத்தும்," என்றார் இஞ்ஞாசி.

"கதவு கெடக்குல்லா? பாத்துக்கிட்டு நின்னா எப்படி? வள்ளத்தைத் தள்ளுங்கல," என்றான் கலிஸ்டஸ்.

"பத்தொம்பது வருசம் ஆச்சு பாட்டா. எதைப் போய்த் தேட?" என்றது ஒரு இளவட்டம்.

"ஏழு நாளுன்னா ஏழு நாளு. மூணு முடிஞ்சிருக்கு. நாலு பாக்கி."

தாழைமுனைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. முப்பத்தொரு வள்ளமும் இறங்கியது. கலிஸ்டஸின் மகன் வள்ளத்தில் இஞ்ஞாசி ஏறினார். ஏறாதே என்று ஒருவரும் சொல்லவில்லை, கை கொடுத்து ஏற்றிவிடவும் ஒருவரும் இல்லை. நாலு நாளும் அவரோடு யாரும் பேசவில்லை, கஞ்சியை மட்டும் அவர் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். கடலை விட்டு வருஷக்கணக்காகியிருந்ததால் முதல் நாள் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். இரண்டாம் நாளிலிருந்து வள்ளத்தின் முன்முனையில், அணியத்தில் நின்று பார்க்க ஆரம்பித்தார். பத்தொன்பது வருஷத்துக்கு முந்திச் செத்தவன் எப்படிக் கிடைப்பான், கிடைக்கமாட்டான் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் தூரத்தில் ஒரு தென்னமட்டை மிதந்தாலும் நெஞ்சு துள்ளியது. தெர்மோகோல் துண்டு வெள்ளையாகத் தெரிந்தாலும், ஆமை முதுகு கறுப்பாக எழும்பினாலும் "அந்தா! அந்தா!" என்று கத்திக் கையைக் காட்டினார், வள்ளத்தைத் திருப்பினார்கள், கிட்டப்போனால் அது தென்னமட்டைதான், அது ஆமைதான். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு துள்ளியது, ஒவ்வொரு தடவையும் விழுந்தது. இதைத்தான் நான் சலேத்துக்கு இல்லாமல் பண்ணினேன், இந்த ஆசையில் நாலு நாள், என்று நினைத்து, "தொபியாஸு! ஏல தொபியாஸு!" என்று தொண்டை கட்டுகிற வரைக்கும் கூப்பிட்டார். மூன்றாம் நாள் மற்ற வள்ளங்களிலிருந்தும் அந்தப் பெயரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. தொபியாஸைக் கண்ணால் பார்த்திராத இளவட்டங்கள்கூடக் கூப்பிட்டார்கள்.

நாலாம் நாள் சாயங்காலம் எல்லா வள்ளமும் கரை ஏறியது. ஒவ்வொருவனாக வந்து குனிந்து ஈரக்கையால் கதவைத் தொட்டு, "காணல," என்றான். கதவின் மறுபக்கம் சலேத் நின்றாள், கழுத்தில் தைத்த உத்தரியம் கிடந்தது, ஒவ்வொருவனுக்கும் தலையை அசைத்தாள். முப்பது பேர் சொல்லி முடித்தார்கள். கலிஸ்டஸின் மகன் சொன்னான். கடைசியாக இஞ்ஞாசி வந்து முழங்காலில் உட்கார்ந்து கையை வைத்தார். தேக்கு வெயிலில் காய்ந்து சூடாக இருந்தது. ஊர் பொறுத்துக்கொண்டு நின்றது.

"நல்லாத் தேடினியளா அத்தான்?" என்று கேட்டாள் சலேத்.

"தேடினேன்."

"அப்பம் சொல்லுங்க."

"காணல," என்றார் இஞ்ஞாசி. சொல்லிவிட்டுக் கதவின்மேல் தலையை வைத்து, தம்பி செத்த அன்றைக்கு அழவேண்டிய அழுகையை அப்போது அழுதார். சலேத்தும் அழுதாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் அழுது ஊர் பார்த்தது அன்றைக்குத்தான். ஒருவரும் போய்த் தேற்றவில்லை, அழட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

பொழுது சாயும் நேரம் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்து கதவின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

"மன்னிச்சேன்னு சொல்லமாட்டேன் அத்தான். என்னையும் யாரும் மன்னிக்க வேண்டாம். எந்திரிங்க, அந்தப் பக்கம் புடிங்க."

அவர் பிடித்தார். இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு போய், நிறுத்தி, கீலில் ஏற்றி மாட்டினார்கள். சலேத் உள்ளே நின்று இழுக்க, இஞ்ஞாசி வெளியே நின்று தள்ள, பத்தொன்பது வருஷப் பழக்கத்தில் இரண்டு பேருமே முழங்காலால் ஒரு தாங்கு கொடுக்கப் போனார்கள். வேண்டியிருக்கவில்லை. கதவு தானாகச் சாத்திக்கொண்டது.